உறைபனிக் காலையும் லித்தியம் பேட்டரியும்

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன் ஒருவன்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் ஒரு மாதமாகத் துரத்துகிறார். கவிதைதான் கேட்டார். காதல் கவிதைகள் ஏற்கனவே ஒரு நோட்டு நிறைய வந்து கிடப்பதாகக் கேள்வி. அந்தக் கூட்டத்தில் போய் நான் ஏன் இடிபட வேண்டும்? அடியேன் பேட்டரியைப் பற்றி எழுதுகிறேன். 'போச்சுடா, லேப் ரெக்கார்டு ஆரம்பிச்சுட்டான்' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். என் அக்காவின் ஒரு நாள் சம்பளம், மாமாவின் தீபாவளி போனஸ், 'டிப்ளமோ படிக்கிற பையன்' என்று வீட்டில் எனக்கு இருந்த மரியாதை, மூன்றும் இந்த விஷயத்தில் போயின.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் வேலைக்குப் போகிற வண்டி, கிக்கர் இல்லாத வண்டி, ராத்திரி வெட்டவெளியில் நிற்கிற வண்டி... இதற்கு மலைக்குளிரில் லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரி வேண்டாம். ஆனால் 'குளிர்ல லித்தியம் செத்துரும்பா' என்று டீக்கடையிலிருந்து ஒர்க்‌ஷாப் வரைக்கும் ஒரு காரணம் சொல்கிறார்களே, அது தப்பு. சரியான முடிவுக்குத் தப்பான காரணம் சொன்னால் வைவாவில் மார்க் கிடைக்குமா? கிடைக்காதல்லவா?

அக்கா ஊட்டியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். காலை ஆறு மணி ஷிப்ட். வீடு காந்தல் பக்கம். ஊட்டியைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், டிசம்பர், ஜனவரியில் காந்தல், தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் மாதிரியான தாழ்வான இடங்களில் விடியற்காலையில் புல்லெல்லாம் உப்பு தூவின மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். வண்டி சீட்டில் விரலால் பேரே எழுதலாம். கீழே ஃபேன் போட்டுத் தூங்குகிற நாம், இரண்டாயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில் அந்த நேரம் பூஜ்யம் டிகிரி என்பதை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

மாமாவிடம் 350 சி.சி. வண்டி. செல்ஃப் மட்டும்தான், கிக்கர் கிடையாது. பழைய ஈயப் பேட்டரி ஆயுள் முடிந்து வாங்க வேண்டிய நேரம். அப்போதுதான் நான் இரண்டாம் ஆண்டு. பேட்டரி பாடம் படித்த சூடு! "மாமா, ஈயமெல்லாம் 1859-ல பிளாண்ட்டே கண்டுபிடிச்சது. இன்னுமா அதையே கட்டிக்கிட்டு அழறது? லித்தியம் போடுங்க. மூணு கிலோ இருக்கிற இடத்துல ஒரு கிலோ கூட வராது" என்றேன். "என்ன மாப்ளே, வெயிட் கொறைஞ்சா எனக்கு என்ன லாபம்? ரேஸா ஓட்டப் போறேன்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கே நான் ஒழுங்காகப் பதில் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. அந்த விலையில் இரண்டு ஈயப் பேட்டரி வாங்கி, மீதியில் ஒரு நல்ல ரெயின் கோட்டும் வாங்கியிருக்கலாம். ஆனாலும் என் பேச்சை நம்பி போனஸை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு மாதம் வண்டி பறந்தது. பட்டனைத் தொட்டால் போதும். நானும் பெருமையடித்துக்கொண்டேன்.

டிசம்பரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்காக எல்லோரும் ஐந்து நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினோம். மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணி. சீட் முழுக்க உறைபனி. மாமா சாவியைத் திருப்பினார். மீட்டர் எரிந்தது. பட்டனை அழுத்தினார். மீட்டர் விளக்கு மங்கி அணைந்தது. 'டக்... டக்... டக்...' ரிலே மட்டும் அடித்துக்கொண்டது. தள்ளிப் பார்த்தோம். இன்ஜெக்‌ஷன் வண்டி, பெட்ரோல் பம்ப்புக்கும் ஈ.சி.யு.வுக்கும் வோல்டேஜ் இல்லாமல் எங்கே எடுக்கும்? கார்புரேட்டர் காலத்து வண்டியென்றால் இறக்கத்தில் உருட்டிவிட்டாவது கிளப்பியிருக்கலாம். அந்த நேரத்துக்கு ஆட்டோவும் இல்லை. அக்கா யூனிபார்மின் மேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நடந்தே போனாள். போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி. நைட் ஷிப்ட் நர்ஸ் ஒருவர் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர், மாற்ற ஆள் வராமல் ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறார். அக்காவுக்கு ஒரு நாள் சம்பளம் கட். அதைக்கூட அவள் பெரிதாகச் சொல்லவில்லை. அந்த நர்ஸ் முகத்தைப் பார்க்க முடியலைடா என்றுதான் சொன்னாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்து வீட்டு ஜீப்பிலிருந்து ஜம்பர் வயர் போட்டு வண்டியைக் கிளப்பிவிட்டு, "இனி ஓட்ட ஓட்டத் தானா சார்ஜ் ஆயிடும் மாமா" என்றேன். முதல் தப்பை விட இது பெரிய தப்பு. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

பிப்ரவரியில் பேட்டரி போயே போய்விட்டது. நான்கு செல்லில் ஒன்று மற்ற மூன்றைவிட வெகுவாகக் கீழே கிடந்தது. விற்றவரிடம் போனால், "முழுசா டிஸ்சார்ஜ் பண்ணிட்டீங்களே, வாரண்டி வராது" என்று ஒரே வார்த்தை. ஒர்க்‌ஷாப் அண்ணன் சிரித்தார். "ஊட்டிக்கு லித்தியமா? குளிர் ஒத்துக்காதுப்பா." எல்லோருக்கும் ஒரு விடை கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை. குளிர்தான் காரணமென்றால், அதற்கு முந்தைய வாரத்திலும் குளிர்தானே! அப்போது எப்படி எடுத்தது?

லேபிளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் '9 ஆம்பியர்-அவர்'. அதை ஒட்டிப் பொடி எழுத்தில் 'ஈ.க்யூ.'. அதாவது ஈயத்துக்குச் சமானமாம்! பின்பக்கம் இன்னும் பொடியாக '38.4 வாட்-அவர்'. இந்த வகைப் பேட்டரிக்கு ஒரு செல் 3.2 வோல்ட், நான்கு செல் 12.8. 38.4-ஐ 12.8-ஆல் வகுத்துப் பாருங்கள்... மூன்று! ஒன்பது என்று வாங்கினது நிஜத்தில் மூன்று ஆம்பியர்-அவர்தான். இந்த ஒரு வகுத்தல் கணக்கை நான் கடையிலேயே போட்டிருந்தால் போதும்.

விற்பவரை முழுப் பொய்யர் என்று சொல்லவும் முடியாது. என்ஜினைச் சுற்றுகிற காரியத்துக்கு மட்டும் அந்தச் 'சமானம்' ஓரளவு நியாயமானது. ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று விநாடி சுற்றினால் செலவாவது 0.08 ஆம்பியர்-அவர் சொச்சம். மூன்றிலிருந்து அது போனால் என்ன? ஆனால் மாமா வண்டியில் திருட்டுக்குப் பயந்து ஒரு ஜி.பி.எஸ். டிராக்கர் மாட்டியிருந்தார். வண்டி நிற்கும்போதும் அது சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். 20 மில்லி ஆம்பியர் என்றாலும் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-அவர். ஐந்து நாளில் 2.4. உண்மையான ஒன்பதிலிருந்து 2.4 போனால் பாதகமில்லை, முக்காலுக்குக் கொஞ்சம் குறையாக மிச்சம் இருக்கும். மூன்றிலிருந்து போனால்? டிராக்கருக்குச் 'சமானம்' என்ற வார்த்தை படிக்கத் தெரியாது.

இதில் இன்னொரு வில்லங்கம். ஈயப் பேட்டரி இறங்க இறங்க வோல்ட் மீட்டரிலேயே தெரியும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் கடைசி வரைக்கும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜைக் காட்டிக்கொண்டு வந்து, கடைசியில் தொபுக்கென்று விழும். அரியர் வைத்திருப்பதை ரிசல்ட் வருகிற அன்று வரைக்கும் வீட்டில் மறைப்பவன் மாதிரி!

சரி, மிச்சம் 0.6 இருந்ததே, அதில் கூட ஏழெட்டுத் தடவை சுற்றலாமே என்று நீங்கள் கேட்டால், சபாஷ்! அங்கேதான் குளிர் வருகிறது. குளிர் பேட்டரியில் உள்ளதைத் திருடுவதில்லை, வாசலை அடைக்கிறது. உள்ளே திரவம் கெட்டிப்படுகிறது. லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போவது மந்தமாகிறது. டிசம்பர் மாதம் ஹாஸ்டலில் பச்சைத் தண்ணீர்க் குளியலுக்கு நாம் எழுந்து போகிற வேகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மின்னியல் மொழியில் சொன்னால் உள் மின்தடை ஏறுகிறது. 100 ஆம்பியர் கேட்டால் வோல்டேஜ் உள்ளேயே விழுந்துவிடுகிறது. ஈ.சி.யு. மயங்குகிறது. ரிலே 'டக் டக்'. இதோடு குளிரில் என்ஜின் ஆயிலும் கெட்டி, மோட்டாருக்கு இன்னும் பாரம். ஆக அன்றைக்கு நடந்தது கூட்டுச் சதி. டிராக்கர் வயிற்றைக் காலி பண்ணியது, குளிர் கையைக் கட்டியது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் அக்கா ஆறு மணிக்கு வார்டில் இருந்திருப்பாள்.

அயனிகள் சோம்பேறிகளே தவிரச் சாகவில்லை. கொஞ்சம் சூடானால் எழுந்துவிடும். இதற்கு வெளிநாட்டுப் பேட்டரிகளோடு வருகிற துண்டுக் காகிதத்தில் ஒரு வைத்தியம் போட்டிருக்கிறார்கள். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஹெட்லைட்டைக் கொஞ்ச நேரம் எரியவிடு, பேட்டரி உள்ளே சூடாகும் என்று. நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் வருகிற வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு ஸ்விட்சே கிடையாதே! பல வண்டிகளில் என்ஜின் ஓடினால்தான் லைட்டே எரியும். சோறு தின்றால்தான் பசி எடுக்கும் என்கிற கதை. பாஸ் லைட்டையும் பிரேக் லைட்டையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அந்த வைத்தியத்தையே நான் அவ்வளவாக நம்பவில்லை. மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு தடையைப் பெருக்கினால் சூடு, இது முதலாண்டுப் பாடம். 60 வாட் ஹாலஜன் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். வர்க்கம் 25. ஒரு நிமிடத்துக்கு 25 பெருக்கல் 60, ஆயிரத்து ஐநூறு. ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர், வர்க்கம் பத்தாயிரம். மூன்று விநாடிக்கு முப்பதாயிரம்! தடை இரண்டிலும் ஒன்றே என்று வைத்தால், பட்டனை மூன்று விநாடி அழுத்துவது ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரிப்பதைவிட இருபது மடங்கு சூடு தரும். இப்போதைய எல்.ஈ.டி. விளக்கென்றால் இன்னும் மோசம். (தடை மின்னோட்டத்துக்கேற்ப மாறும், அதனால் இது முரட்டுக் கணக்கு. சார் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன்.) ஆகவே முழு சார்ஜில் உள்ள லித்தியத்தைக் குளிரில் எழுப்ப நல்ல வழி ஸ்டார்ட்டர் பட்டன்தான். இரண்டு மூன்று விநாடி அழுத்து, விடு, அரை நிமிடம் பொறு, மறுபடி அழுத்து. முதல் அழுத்தலில் முனகும், மூன்றாவதில் எழுந்துவிடும். முதல் 'டக் டக்'கிலேயே 'பேட்டரி டெட்' என்று கழற்றுகிற ஆட்கள் எத்தனை நல்ல பேட்டரியைக் கழற்றியிருப்பார்களோ! ஆனால் வயிறு காலியான பேட்டரிக்கு இந்த வைத்தியம் கூடாது. மிச்சமிருப்பதும் போய் செல் நிரந்தரமாகக் கெடும்.

இப்போது என் பெரிய தப்புக்கு வருகிறேன். குளிரில் லித்தியத்திலிருந்து எடுப்பது பரவாயில்லை. குளிரில் உள்ளே ஏற்றுவதுதான் ஆபத்து. பொதுவாக இந்த செல்களின் விவரத் தாளில், வெளியே எடுக்க மைனஸ் 20 டிகிரி வரை அனுமதி இருக்கும். சார்ஜ் ஏற்ற பூஜ்யம் டிகிரிக்கு மேல் என்றே போட்டிருக்கும். ஏன் இந்தப் பாரபட்சம்? சார்ஜ் ஏறும்போது லித்தியம் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்கார வேண்டும். காலேஜ் நேரத்து டவுன் பஸ்ஸை நினையுங்கள். உள்ளே இடமிருக்கிறது, ஆனால் ஆட்கள் மெதுவாக நகர்கிறார்கள். பின்னால் கூட்டம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. என்னாகும்? படிக்கட்டில் தொங்குவார்கள். குளிர்ந்த செல்லில் வேகமாக சார்ஜ் ஏற்றினால் லித்தியமும் உள்ளே போகாமல் வெளிப்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடுகிறது. படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வேலைக்கு வருவதே இல்லை, கொள்ளளவு போயே போச்சு. மோசமான நிலையில் ஊசி மாதிரி வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொடவும் கூடும். இதில் வேதனை என்னவென்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வண்டி ஜம்மென்று ஓடும்.

நான் ஜம்பர் போட்டுக் கிளப்பின அன்று என்ன நடந்திருக்கும்? பேட்டரி காலி, அதனால் கிடைக்கிற கரண்டையெல்லாம் விழுங்கத் துடிக்கிறது. உறைபனியில் ராத்திரி முழுக்க நின்ற உடம்பு. ரெகுலேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் வைத்துத் தள்ளுகிறது. மூன்று ஆம்பியர்-அவர் குழந்தைக்கு ஒரே வேளையில் பந்திச் சாப்பாடு! கழற்றிக் கொண்டுபோய் அடுப்படியில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, லித்தியத்துக்கான சார்ஜரில் மெதுவாக ஏற்றியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். ஒரு செல் தனியாகக் கீழே போனதற்கு ஐந்து நாள் டிராக்கரும் காரணமாக இருக்கலாம். ஆனால் மிச்ச வேலையை என் ஜம்பர் வயர் முடித்தது என்றுதான் நினைக்கிறேன். "தானா சார்ஜ் ஆயிடும்" என்றேனே, அந்த வாக்கியத்துக்காக நான் இன்னும் மாமாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

நான் லித்தியத்துக்கு எதிரியில்லை. சொல்லப் போனால் அதில் நமக்குக் கொஞ்சம் சொந்தமே உண்டு. குட்இனஃப் குழுவினர் இரும்பு பாஸ்பேட்டைப் பற்றி 1997-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பே சல்பேட் மாதிரியான கூட்டு அயனிகளை வைத்து மலிவான இரும்பிலிருந்து கூடுதல் வோல்டேஜ் எடுக்கலாம் என்று அவரோடு சேர்ந்து காட்டியவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூர்க்காரர். மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர். 2019-ல் நோபல் பரிசு கிடைத்தபோது தொண்ணூற்றேழு வயது குட்இனஃபுக்காக ஸ்டாக்ஹோமில் மேடையேறி நோபல் உரையை நிகழ்த்தியவரும் அவரே. அந்தப் பேட்டரியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஈயமும் ஒன்றும் குளிர் வீரன் இல்லை. குளிரக் குளிர அதுவும் தளர்கிறது. இறங்கின நிலையில் விட்டால் உள்ளே ஆசிட் தண்ணீராகி, பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரியிலேயே உறைந்து டப்பாவைப் பிளக்கும். ஆனால் ஈயம் படிப்படியாகச் சோர்வதால் நமக்கு முன்கூட்டியே தெரியும். இரண்டு நாளாக இழுத்து இழுத்து எடுக்கிறதே என்று மாமா மாதிரி ஆட்கள் காதாலேயே கண்டுபிடிப்பார்கள். குளிர்ந்த நிலையில் சார்ஜ் ஏறினால் மெதுவாக ஏறுமே தவிர லித்தியம் மாதிரி நிரந்தரக் காயம் படாது. கார் ஷெட்டில் நிற்கிற ரேஸ் வண்டிக்கோ, கோவை, சேலம் வெயிலில் ஓடுகிற வண்டிக்கோ லித்தியம் தாராளமாகப் போடலாம். லடாக் போகிறவனுக்குக் கூட ஒரு வசதி உண்டு. முக்கால் கிலோ பேட்டரியைக் கழற்றிக் கம்பளிக்குள் கட்டிக்கொண்டு தூங்கலாம்! ஆனால் ஐந்தரை மணிக்குக் கிளம்பி ஆறு மணிக்கு வார்டில் நிற்க வேண்டிய நர்ஸின் வண்டிக்கு, வாட்-அவரை வகுத்துப் பார், டிராக்கரைக் கழற்று, அரை நிமிடம் பொறு, அடுப்படியில் சூடேற்று என்று இத்தனை நிபந்தனையா? "வெயிட் கொறைஞ்சா எனக்கு என்ன லாபம்?" என்று மாமா கேட்டாரே, லாபம் ஒன்றுமில்லை மாமா.

என் சந்தேகத்துக்கு இந்த வருடம் லேபில் ஒரு சோதனை செய்தோம். மீன் மார்க்கெட்டிலிருந்து தெர்மோகோல் பெட்டி, ஐஸ், கல் உப்பு. (மூன்று நாள் லேப் நாறியதற்கு லேப் உதவியாளர் அண்ணன் மன்னிக்கவும்.) சீனியர் ஒருவரின் லித்தியம், லேபில் இருந்த ஈயம், இரண்டும் முழு சார்ஜ். பாலிதீன் கவரில் சுற்றி ராத்திரி முழுக்கப் பெட்டியில் வைத்து, காலையில் லேப் என்ஜினில் மாட்டினோம். ஈயம் முதல் அழுத்தலிலேயே சுற்றியது, சோம்பலாக. லித்தியம் முதலில் 'டக் டக்'. கூட்டாளிகள் ஓவென்று கத்தினார்கள். இரண்டாவதில் அரைகுறையாக. மூன்றாவதில் ஈயத்தைவிட வேகமாகச் சுற்றி என்ஜினைக் கிளப்பிவிட்டது. என் கட்சிக்கு எதிரான சாட்சிதான், இருந்தாலும் எழுதிவிட்டேன். காலி வயிற்றோடு வைத்திருந்தால் என்ன ஆகும் என்று பார்க்கச் சீனியர் தன் பேட்டரியைக் கொடுக்க மறுத்துவிட்டார். அவர் விவரமானவர்.

மாமா வண்டியில் இப்போது பழையபடி ஈயம். டிராக்கருக்கு ஒரு ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தேன். மற்றபடி டயருக்குக் காற்று எவ்வளவு என்று கூட அவர் என்னிடம் கேட்பதில்லை. செத்த லித்தியத்தை டெர்மினலில் டேப் ஒட்டி, ஹாஸ்டல் ஜன்னலுக்கு வெளியே ஒரு மணல் சட்டியில் வைத்திருக்கிறேன். பழைய ஈயப் பேட்டரிக்காவது கடையில் விலை கழிப்பார்கள். இதைப் பழைய இரும்புக் கடையில் நீட்டியபோது அந்த அண்ணன் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, உள்ள ஒண்ணுமே இல்லியா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரித்தவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். விற்றவருக்கு இரண்டு கடிதம் போட்டாகிவிட்டது. மூன்றாவதைப் பேரவை முத்திரையோடு போடலாமா என்று செயலாளரைக் கேட்டிருக்கிறேன். கட்டுரையைக் கொடு, பார்க்கலாம் என்றார். இதோ, கொடுத்துவிட்டேன்.